பிலாத்துவுக்கு 4 ஷில்லிங்: ஆங்கில நாடகத்தின் தொடக்கக் காலமும் கணக்கேடுகளும்

1490ஆம் ஆண்டில் கோவென்ட்ரி நகரத்துக் கொல்லர் குழு இயேசுவின் பாடுகளை நாடகமாக நடத்தியது. நடித்தவர்களுக்குக் கொடுத்த கூலி குழுவின் கணக்கில் வரிவரியாக ஏறியது. கடவுளாக, அதாவது இயேசுவாக நடித்தவருக்கு 2 ஷில்லிங். கயபாவுக்கும் ஏரோதுக்கும் தலைக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ். பிலாத்துவின் மனைவிக்கு 2 ஷில்லிங். சாத்தானுக்கும் யூதாசுக்கும் சேர்த்து 18 பென்ஸ். எல்லோரையும்விடக் கூடுதலாக 4 ஷில்லிங் வாங்கியவர் பிலாத்து.

அந்த நாடகத்தின் வசனம் ஒரு வரிகூட இன்று கிடையாது. கூலிக் கணக்குதான் எஞ்சியிருக்கிறது.

கடவுளைவிடப் பிலாத்துவுக்கு இரண்டு மடங்கு கூலி ஏன்? பிலாத்துவுக்கு நீண்ட வசனம் இருந்திருக்கலாம். தெருவில் கூடிய மக்களின் இரைச்சலை மீறி ஒலிக்கும் குரல் தேவைப்பட்டிருக்கலாம். வசனம் தப்பிப் பிழைத்த யார்க் நகர நாடகங்களில், விசாரணைக் காட்சிகளில் இயேசு பெரும்பாலும் மௌனமாக நிற்க, பிலாத்துதான் பேசித் தீர்க்கிறான். கோவென்ட்ரியிலும் அப்படியே இருந்திருக்கலாம் என்பது நியாயமான ஊகம், ஆனால் ஊகம்தான். கணக்கு எழுதியவருக்குக் காரணம் சொல்லும் கடமை இல்லை. பணம் எங்கே போனது என்று காட்டுவதோடு அவர் வேலை முடிந்தது.

கணக்கேடு, தீர்மானப் புத்தகம், வழக்குக் கட்டு, உயில் போன்றவை நாடகத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. அவற்றை வைத்துக்கொண்டு நாடகத்தின் வரலாற்றை எவ்வளவு தூரம் எழுத முடியும்? கடந்த அரை நூற்றாண்டில் ஆங்கில நாடக ஆய்வைப் புரட்டிப்போட்ட இந்தக் கேள்வியே இக்கட்டுரையின் பொருள்.

1. பழைய வரலாறு சொன்ன கதை

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பாடப்புத்தகங்கள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லின. உயிர்ப்புப் பெருவிழா வழிபாட்டுக்குள் இலத்தீனில் ஒரு சிறு உரையாடலாக நாடகம் பிறந்தது. பிறகு கோயில் முற்றத்துக்கு வந்தது. அங்கிருந்து சந்தைக்குப் போய் மக்கள் மொழியைப் பேசியது. தொழிற்குழுக்களின் கைக்கு மாறியது. கடைசியில் ஷேக்ஸ்பியரில் முழுமை அடைந்தது. இந்தக் கதைக்கு வலுவான வடிவம் கொடுத்தவர் ஈ. கே. சேம்பர்ஸ். 1903இல் இரண்டு தொகுதிகளாக வந்த அவருடைய ‘தி மீடியவல் ஸ்டேஜ்’ இன்றும் மலைக்க வைக்கும் நூல். கல்வித்துறை அதிகாரியாக இருந்துகொண்டே அவர் அதை எழுதினார். பின்னிணைப்புகளில் அவர் குவித்து வைத்த ஆவணக் குறிப்புகளை அவரை மறுப்பவர்களும் பயன்படுத்தாமல் இருக்க முடிவதில்லை.

சிக்கல் தரவில் இல்லை, தரவைக் கோத்த கயிற்றில் இருந்தது. எளியதிலிருந்து சிக்கலானது, கோயிலிலிருந்து உலகியல் என்று நாடகம் உயிரினத்தைப்போல வளர்ந்தது என்ற முன்முடிவு அந்தக் கயிறு. 1965இல் ஓ. பி. ஹார்டிசன் இதை நேராகத் தாக்கினார். எளிய வடிவம் என்பதாலேயே ஒரு நாடகம் காலத்தால் முந்தியதாகிவிடாது என்று சுட்டிக்காட்டினார். கோட்பாடு ஆட்டம் கண்டது. ஆனால் அதன் இடத்தில் எதை வைப்பது என்பதற்கு ஊர் ஊராக ஆதாரம் தேவைப்பட்டது.

2. டொரொண்டோவின் திட்டம்

அந்தத் தேவையிலிருந்து 1976இல் கனடாவின் டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் ஒரு திட்டம் பிறந்தது. ‘ரெக்கார்ட்ஸ் ஆஃப் எர்லி இங்கிலிஷ் டிராமா’ என்பது பெயர். ஆய்வாளர்கள் சுருக்கமாக ‘ரீட்’ என்பார்கள். இதை முன்னின்று நடத்தியவர் அலெக்சாண்ட்ரா ஜான்ஸ்டன். லண்டன் நாடக அரங்குகள் நாடாளுமன்ற ஆணையால் மூடப்பட்ட 1642 வரை நாடகம், இசை, ஆட்டம், வேடம் கட்டும் சடங்கு பற்றிய ஆவணக் குறிப்புகள் அனைத்தையும் ஊர்வாரியாகத் தேடி, மூல எழுத்துக்கூட்டலிலேயே அச்சிடுவது என்று முடிவாயிற்று. 1979இல் யார்க், செஸ்டர் தொகுதிகள் வந்தன. 1981இல் கோவென்ட்ரி, பிறகு நியூகாசில், நாரிச், டெவன், கேம்பிரிட்ஜ், சோமர்செட் என்று 20க்கும் மேற்பட்ட தொகுப்புகள் அச்சேறின. இப்போது புதிய தொகுப்புகள் இணையத்தில் வெளியாகின்றன.

பழைய பெயர்த்தெழுத்துகளை நம்பாமல் மூல ஏட்டுக்கே போவது என்ற விதிக்குக் காரணம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜே. பி. காலியர் என்ற புகழ்பெற்ற அறிஞர் நாடக ஆவணங்களில் போலிப் பதிவுகளைப் புகுத்திய கதை எல்லோருக்கும் தெரியும். வேக்ஃபீல்டு நகரத்து நீதிமன்றப் பதிவேட்டில் நாடகம் பற்றிய சில வரிகளை ஜே. டபிள்யூ. வாக்கர் வெளியிட்டிருந்தார். மூலத்தோடு ஒப்பிட்டபோது அந்தப் பெயர்த்தெழுத்து நம்பத்தக்கதல்ல என்று தெரிந்தது. ‘டவுன்லி’ கையெழுத்துப் படியில் உள்ள நாடகங்கள் மொத்தமும் வேக்ஃபீல்டு ஊரார் நடத்திய தொடர் என்ற நெடுநாள் நம்பிக்கை அதனால் தளர்ந்தது.

3. யார்க்: ஒரு பொருள் பட்டியல் மாற்றிய படம்

யார்க் நகரில் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா அன்று, உலகப் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரையிலான நாடகங்களைத் தொழிற்குழுக்கள் சக்கரம் வைத்த மேடை வண்டிகளில் நடத்தின. இதற்குக் கிடைக்கும் முதல் சான்றே ஒரு வாடகைக் குறிப்புதான்: 1376இல் மூன்று நாடக வண்டிகளை நிறுத்தி வைத்த கட்டடத்துக்கான வாடகை. 1415இல் நகர எழுத்தர் ரோஜர் பர்ட்டன் எந்தக் குழுவுக்கு எந்த நாடகம் என்ற பட்டியலைப் பதிவு செய்தார். அதோடு சேர்ந்த அறிவிப்பு கண்டிப்பானது. நடிப்பவர்கள் விடியற்காலை நாலரை மணிக்குத் தத்தம் வண்டியில் ஆயத்தமாக இருக்க வேண்டும்; தவறினால் அபராதம் 6 ஷில்லிங் 8 பென்ஸ்.

இந்த வண்டிகள் எப்படி இருந்தன? மரப்பலகை அடித்த கட்டை வண்டி, கொச்சையான ஒப்பனை, பாமரர் கூத்து என்ற சித்திரமே பலர் மனத்தில் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் ஜான்ஸ்டனும் மார்கரெட் டோரெலும் வெளியிட்ட ஓர் ஒப்பந்தப் பத்திரம் அந்தச் சித்திரத்தை உடைத்தது. 1433 ஜூனில் யார்க் வணிகர் குழு தன் இறுதித் தீர்ப்பு நாடகத்துக்கான பொருள்களைப் பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்தபோது எழுதிய பட்டியல் அது. நான்கு சக்கர வண்டி. நரகத்தின் வாய். மூன்று சாத்தான்களுக்கு உடை. முகமூடிகள் மூன்று, முகங்கள் ஆறு. நல்ல ஆன்மாக்களுக்கும் கெட்ட ஆன்மாக்களுக்கும் தனித்தனி உடுப்பு. காயங்கள் தீட்டிய சட்டை கடவுளுக்கு. பொன்முலாம் பூசிய முகமூடியும் முடியும் கூட. மேகங்கள். கடவுள் உட்கார்ந்து விண்ணுக்கு ஏறுவதற்கு ஓர் இரும்புச் சட்டகம். சிவப்பு வண்ணம் பூசிய ஒன்பது சின்ன வானதூதர் உருவங்கள், அவற்றை வானத்தில் ஓட வைக்க ஒரு மெல்லிய நீளக் கயிறு.

இத்தனை பொறிகளை ஒரு வண்டிக்குள் அடக்கியவர்களைக் கைத்திறன் இல்லாதவர்கள் என்று இனி யாரும் எழுத முடியாது. தச்சரும் கொல்லரும் ஓவியரும் தங்கள் தொழில் அறிவை மேடையில் காட்டிய நகரம் அது. பட்டியல் எழுதியவரின் அக்கறையோ வேறு: பொருள் தொலைந்தால் யார் பொறுப்பு? அந்த அக்கறையால்தான் கயிறுகூட விடுபடாமல் பதிவாயிற்று.

ஆனால் ஆவணம் தீர்க்காத கேள்வியும் உண்டு. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை, பத்துப் பன்னிரண்டு தெருமுனைகளில் நிறுத்தி நிறுத்தி, ஒரே நாளில் ஆடி முடிக்க முடியுமா? முடியாது என்று 1974இல் ஆலன் நெல்சன் நேரக் கணக்குப் போட்டு வாதிட்டார். வண்டிகள் ஊர்வலமாக மட்டும் சென்றன, முழு நாடகம் வேறோர் இடத்தில் நடந்தது என்பது அவர் முடிவு. எதிர்த்தரப்பு சுட்டியது வாடகைக் கணக்கை. தங்கள் வீட்டு வாசலில் நாடகம் நிற்க வேண்டும் என்பதற்காக நகரத்துக்குப் பணம் கட்டியவர்களின் பெயர்கள் ஆண்டு ஆண்டாக இருக்கின்றன. வெறும் ஊர்வலத்துக்கு யார் அவ்வளவு கொடுப்பார்கள்? 1998 ஜூனில் டொரொண்டோவில் தொடர் முழுவதையும் வண்டிகளில், நான்கு இடங்களில் நிறுத்தி ஆடிக் காட்டினார்கள். அதிகாலையில் தொடங்கியது நள்ளிரவைத் தாண்டி முடிந்தது. நடத்த முடியும் என்பதை அந்த நாள் காட்டியது. யார்க்கில் ஆண்டுதோறும் முழுமையாக அப்படித்தான் நடந்தது என்பதை அது நிறுவாது. ஒவ்வோர் ஆண்டும் எல்லா நாடகமும் ஆடப்பட்டிருக்க வேண்டியதில்லை என்ற சமரசமே இன்று ஏற்கத்தக்கதாகத் தெரிகிறது.

4. கோவென்ட்ரி: எரிந்த ஏடுகள்

கோவென்ட்ரித் துணி வணிகர் குழுவும் இறுதித் தீர்ப்பையே ஆடியது. வசனம் இல்லை, செலவு இருக்கிறது. நரகத்தின் வாயைப் பார்த்துக்கொண்டவருக்குக் கூலி. நிலநடுக்க ஓசை எழுப்ப ஒரு பீப்பாய். மனச்சாட்சியின் புழுக்களாக நடித்த இருவருக்குக் கூலி. உலகங்கள் செய்ததற்குப் பணம். உலகத்துக்குத் தீ வைத்தவருக்கு 5 பென்ஸ். செய்த உலகங்கள் மூன்று என்பதால், ஒரே நாளில் மூன்று இடங்களில் ஆடி ஒவ்வொன்றிலும் ஒன்றை எரித்தார்கள் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். கொல்லர் குழுவின் பிற்காலக் கணக்கில் யூதாசைத் தூக்கில் தொங்கவிட்டதற்கும், சேவல்போலக் கூவியதற்கும் தலா 4 பென்ஸ் வருகிறது. பேதுரு மறுதலிக்கும் காட்சியில் எங்கோ மறைந்து நின்று கூவிய ஒருவரின் குரல் 4 பென்ஸாக நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வந்து சேர்ந்த வழிதான் கவலைக்குரியது. இந்தக் குழுக்களின் மூல ஏடுகள் பலவும் பர்மிங்ஹாம் நூலகத்துக்குப் போயிருந்தன. 1879 ஜனவரித் தீயில் அந்த நூலகம் எரிந்தது. 1825இல் தாமஸ் ஷார்ப் என்ற உள்ளூர் ஆய்வாளர் வெளியிட்ட நூலில் மேற்கோளாக எடுத்துத் தந்த வரிகளே பெரும்பாலும் நம்மிடம் இருக்கின்றன. கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட 1490 கூலிக் கணக்கும் ஷார்ப் வழியாக வந்ததுதான். அவர் கவனமானவர். ஆயினும் தமக்குச் சுவையாகப் பட்டதையே அவர் எடுத்தார்: நரகம், புழு, சேவல். சலிப்பூட்டிய பக்கங்களில் என்ன இருந்ததோ, அவை சாம்பலாயின. கோவென்ட்ரி நாடகம் நம் கண்ணுக்கு இவ்வளவு விசித்திரமாகத் தெரிவதில் ஷார்ப்பின் ரசனைக்கும் பங்கு உண்டு என்பதை மறக்கலாகாது.

5. பங்குக் கோயிலின் வரவு

யார்க், செஸ்டர், கோவென்ட்ரி ஆகியவற்றின் புகழால் நாடு முழுவதும் இத்தகைய தொடர்நாடகங்கள் நடந்தன என்ற எண்ணம் பரவியிருந்தது. ஆவணத் தொகுப்புகள் காட்டியது நேர்மாறு. பெருந்தொடர்கள் விதிவிலக்கு. பெரும்பாலான ஊர்களில் நடந்தவை சிறிய அளவிலான பங்கு நாடகங்கள், ராபின் ஹூட் ஆட்டம், கோடை விழாவின் அரசன்-அரசி விளையாட்டு, கோயில் நிதிக்காக பீர் காய்ச்சி விற்ற விருந்து ஆகியவையே.

தேம்ஸ் நதிக்கரையில் உள்ள கிங்ஸ்டன் ஊரின் கோயில் கணக்கு இதற்கு நல்ல சான்று. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1530கள் வரை ராபின் ஹூட் வசூல் அதில் வருகிறது. மோரிஸ் ஆட்டக்காரர்களுக்குக் காலணி, சலங்கை, மேற்சட்டை. ராபின் ஹூட் கூட்டத்தின் அடையாளமாக மக்கள் காசு கொடுத்து வாங்கி அணிந்த சின்னங்கள். பணக்காரரைக் கொள்ளையடித்தவனாகக் கதைகளில் வரும் ராபின் ஹூட், இங்கே பங்குக் கோயிலுக்கு உண்டியல் ஏந்துகிறான். சோமர்செட்டில் உள்ள குரோஸ்கம் என்ற சிற்றூரில் 1470களிலிருந்து இதே வழக்கம். அங்கே ராபின் ஹூட், கன்னிப்பெண்கள், இளைஞர்கள், நெசவாளர்கள் எனத் தனித்தனிக் குழுக்கள் ஆண்டுதோறும் வசூலைக் கொண்டுவந்து கோயிலில் ஒப்படைத்தன.

பெண்களைப் பற்றி வசனப் பிரதிகள் அநேகமாக எதுவும் சொல்வதில்லை. வேடம் கட்டியவர்கள் ஆண்கள் என்றே வைத்துக்கொண்டோம். கணக்கேடோ வேறு செய்தி சொல்கிறது. உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பிந்திய இரண்டாம் வாரத்தில் வரும் ஹாக்டைட் திங்கள், செவ்வாய்க் கிழமைகளில் ஒரு நாள் பெண்கள் ஆண்களையும், மறுநாள் ஆண்கள் பெண்களையும் தெருவில் கயிற்றால் மறித்துக் கட்டி, பணம் வாங்கிக்கொண்டு விடுவிப்பார்கள். பல பங்குகளில் பெண்களின் வசூலே அதிகம். செஸ்டரில் மரியாளின் விண்ணேற்பு நாடகத்தை நகரத்து மனைவியர் பொறுப்பேற்று நடத்தினர். அந்த வசனம் தொலைந்துவிட்டது. அவர்களே நடித்தார்களா, செலவை மட்டும் ஏற்றார்களா என்பதைக் கிடைத்த வாசகம் தெளிவாக்கவில்லை. நடிக்கவே இல்லை என்று அடித்துச் சொல்வதற்கும் இடமில்லை.

6. வழக்குமன்றத்தில் நாடகம்

பணத்துக்கு அடுத்தபடி நாடகத்தைக் காகிதத்தில் ஏற்றியது சண்டை.

1583இல் அரசி எலிசபெத்தின் பெயரில் பன்னிரண்டு தேர்ந்த நடிகர்களைக் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் அவர்கள் நாரிச் நகரத்தில் ரெட் லயன் விடுதி முற்றத்தில் ஆடினார்கள். விண்ஸ்டன் என்பவர் காசு கொடுக்காமல் உள்ளே நுழையப் பார்த்தார். வாயிலில் தள்ளுமுள்ளு, வசூல் பணம் சிதறியது. மேடையில் நடித்துக்கொண்டிருந்த ஜான் பென்ட்லி வேடத்தோடே வாளுடன் ஓடிவந்தார். அந்தக் காலத்தின் மிகப்பெரிய நகைச்சுவை நடிகரான ரிச்சர்ட் டார்ல்ட்டன் அவரைத் தடுக்கப் பார்த்தார். துரத்தல் தெருவுக்குப் போனது. விண்ஸ்டனோடு வந்த நீலச்சட்டைக்காரர் ஒருவர் வெட்டுப்பட்டு இரத்தம் வடிந்து இறந்தார். பார்த்தவர்கள் நகர நீதிபதிகள் முன் கொடுத்த வாக்குமூலங்கள் இருக்கின்றன.

அன்று ஆடிய நாடகத்தின் பெயரை யாரும் சொல்லவில்லை. கேட்கவுமில்லை. ஆனால் வாயிலில் காசு வாங்கும் முறை, நடிகர்களே வசூலைக் கவனித்தது, வேடத்துக்கு உண்மையான வாள் வைத்திருந்தது, சண்டை மூண்டதும் பார்வையாளர் ஒருவர் நடிகர்கள் பக்கம் சேர்ந்தது என்று வெளியூர் ஆட்டம் ஒன்றின் சூழல் இங்கே விரிவதுபோல வேறெங்கும் விரிவதில்லை.

1607இல் வெல்ஸ் நகரத்தில் நடந்தது இன்னும் நீளமான கதை. தூய கத்பெர்ட் கோயிலின் நிதிக்காக மே மாதம் தொடங்கி ஊர்வலமும் ஆட்டமுமாக நகரமே களித்தது: புனித ஜார்ஜ், ராபின் ஹூட், நோவா, வேட்டைத் தேவதை டயானா. பியூரிட்டன் சார்புள்ள காவல் அதிகாரியும் துணி வணிகருமான ஜான் ஹோல் இதைத் தடுக்க முயன்றார். ஊரார் அவரையும் அவர் நண்பர்களையும் பலகையில் உருவமாக வரைந்து, தெருவில் குழிக்குள் பந்து உருட்டும் விளையாட்டாக்கி ஏளனம் செய்தார்கள். ஹோல் லண்டனில் ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்குக் கட்டில் ஏளனப் பாட்டும் சான்றாகச் சேர்ந்தது.

இந்த வழக்கால்தான் வெல்ஸின் கோடை விழா வேறெந்த ஊர் விழாவையும்விட நுணுக்கமாகத் தெரியவருகிறது. அதனாலேயே எச்சரிக்கை வேண்டும். சொல்பவர் காயம்பட்டவர், சட்டப்படி தண்டனை வாங்கித்தரும் விதத்தில் வழக்கறிஞர் வாசகத்தை அமைத்திருப்பார். யாரும் புகார் சொல்லாத ஊர்களில் எத்தனையோ விழாக்கள் எந்தச் சுவடும் விடாமல் அமைதியாக நடந்து முடிந்தன. ஆவணம் மட்டுமே பார்ப்பவருக்கு நாடகம் எப்போதும் செலவாகவோ கலகமாகவோ தென்படும். மகிழ்ச்சியாக வீடு திரும்பியவர்கள் எந்த எழுத்தரிடமும் போய்ச் சொல்லவில்லை.

7. வெட்டி எடுத்த வரிகள்

டொரொண்டோ திட்டத்தின் மீதான முக்கியமான விமர்சனத்தை 1990இல் தெரசா கொலெட்டி எழுதினார். கணக்கேட்டிலிருந்து நாடகம் சார்ந்த வரியை மட்டும் கத்தரித்து அச்சிடுவது நடுநிலையான செயல் அல்ல. எது நாடகம் என்று பதிப்பாசிரியர் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார் என்பது அவருடைய வாதத்தின் சாரம். இது நியாயமான விமர்சனம். கோயில் கணக்கில் ராபின் ஹூட் வரவுக்கு அடுத்த வரியில் கூரை ஓட்டுச் செலவோ மணிக்கயிற்றுச் செலவோ இருக்கலாம். அந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஊரார் ஏன் ஆடினார்கள் என்பது விளங்கும். தொகுதியில் கூரை இராது.

இருந்தும் தொகுதிகள் இல்லாதிருந்தால் இந்த விவாதமே எழுந்திராது. படிக்கக் கடினமான கையெழுத்தில், இலத்தீன் சுருக்கெழுத்தில், பல ஊர் ஆவணக் காப்பகங்களில் சிதறிக் கிடந்தவற்றை ஒருவர் வாழ்நாள் முழுவதும் தேடினாலும் ஒரு மாவட்டத்தைத்தான் முடிக்க முடியும். தொகுதியை வழிகாட்டியாகக் கொண்டு மூல ஏட்டைப் புரட்டுவது ஆய்வாளரின் கடமை. தொகுதியையே இறுதிச் சொல்லாகக் கொள்வது பிழை, அந்தப் பிழை பதிப்பாசிரியர்களுடையது அல்ல.

8. பதிவின்மையை எப்படி வாசிப்பது

ஏட்டில் பதிவே இல்லாததை எப்படி எடுத்துக்கொள்வது என்ற சிக்கல் நாட்டார் ஆட்டங்கள் பற்றிய கேள்வியில்தான் மிகக் கூர்மையாகிறது. மோரிஸ் ஆட்டமும், மாண்டவன் வைத்தியரால் உயிர்த்தெழும் மம்மர் கூத்தும் கிறிஸ்தவத்துக்கு முந்திய வளமைச் சடங்குகளின் எச்சம் என்று மானிடவியலாளர் ஃபிரேசரின் வழிவந்தவர்கள் நம்பினர். 1933இல் நாட்டார் கூத்து பற்றி நூல் எழுதிய சேம்பர்ஸும் அந்தச் செல்வாக்குக்கு உட்பட்டவர். ஆவணங்கள் அந்த நம்பிக்கைக்குத் துணை வரவில்லை. மோரிஸ் பற்றிய மிகப் பழைய குறிப்பு 1448இல் லண்டன் பொற்கொல்லர் குழு ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்த 7 ஷில்லிங். அதாவது நகரத்துச் செல்வர் விருந்தில்தான் அது முதலில் தலைகாட்டுகிறது. கிராமப் பசும்புல் தரைக்குப் பிறகே வருகிறது. உயிர்த்தெழும் வீரனின் கூத்துக்கோ 1642க்கு முந்திய தெளிவான சான்று ஒன்றும் அகப்படவில்லை. வசனங்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன.

பதிவு இல்லை, ஆகவே ஆட்டமும் இல்லை என்று முடித்துவிடலாமா? காசு புழங்காத, சண்டை வராத ஆட்டம் ஏட்டில் ஏறாது என்பதை மேலே பார்த்தோம். ஆனால் ராபின் ஹூட்டும் மோரிஸும் சிற்றூர்க் கணக்குகளில்கூடத் திரும்பத் திரும்ப வரும்போது, மம்மர் கூத்து மட்டும் எல்லாக் கணக்கர் கண்ணிலும் படாமல் போனது என்பது நம்புவதற்குக் கடினம். இந்த இடத்தில் பதிவின்மைக்கு எடை உண்டு.

ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஆபட்ஸ் புரோம்லி ஊரின் கொம்பு நடனம் இந்த முடிவைச் சோதித்துப் பார்க்க ஏற்றது. கலைமான் கொம்புகளைத் தூக்கிக்கொண்டு ஆடும் அந்த நடனத்தை 1686இல் ராபர்ட் பிளாட் வருணித்தார்; அதில் திரண்ட பணம் கோயில் பழுதுபார்க்கவும் ஏழைகளுக்கும் போனதாக எழுதினார். 1970களில் கொம்பு ஒன்றைக் கதிரியக்கக் கார்பன் முறையில் ஆராய்ந்தபோது அது 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தெரிந்தது. நடனமும் ஆயிரம் ஆண்டுப் பழமையானது என்று உடனே பலர் எழுதினார்கள். அது பொருந்தாது. அக்காலத்தில் அந்த வகைக் கலைமான் இங்கிலாந்தில் வாழவில்லை. கொம்புகள் கடல் கடந்து எப்போதோ வந்திருக்க வேண்டும். பழைய கொம்பை எந்த நூற்றாண்டு ஆட்டக்காரரும் தூக்கியிருக்கலாம். கார்பன் ஆய்வு மானின் காலத்தைச் சொல்கிறது. ஆட்டத்தின் காலத்துக்கு இன்னமும் பிளாட்டின் பக்கத்தையும், அதற்கு முந்திய கோயில் கணக்குகளையும்தான் வரிவரியாகத் தேட வேண்டியிருக்கிறது.